ஓலைப்பெட்டியில் வந்த சீர்

தூத்துக்குடியைப் பற்றி எழுத உட்காரும் எவரும் முத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஊரிலிருந்து சென்னைக்குப் போகும் ரயிலுக்குக்கூட முத்துநகர் என்றுதான் பெயர். ஆனால் முத்துக்குளித்துறையின் சாதாரணக் குடும்பங்கள் தங்கள் வீட்டுக் கல்யாணங்களை எதைக் கொண்டு நடத்தின என்று கேட்டால், அந்தக் கணக்கில் முத்துக்கு இடமில்லை. முத்து என்றைக்கும் ஆள்பவர்களின் சொத்து. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் குறிப்பு, பாண்டியரின் கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகள் முத்துக்குளித்ததாகச் சொல்கிறது. பின்னால் போர்ச்சுக்கீசியர் வந்தார்கள், 1658இல் டச்சுக்காரர்கள் வந்தார்கள், கடைசியில் ஆங்கிலேயர் வந்தார்கள். ஆங்கிலேயர் காலத்தில் கரைக்கு வந்த சிப்பியில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. சர்க்கார் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். குளித்தவர்கள் தங்கள் பங்கைக் கடற்கரையிலேயே வியாபாரிகளிடம் விற்றுவிட்டுப் போவார்கள். அதுவும் ஆண்டுதோறும் கிடைக்கிற வருமானமன்று. 1830இல் ஒரு முத்துக்குளிப்பு நடந்தது. கடலடிப் பாறைத் திட்டுகளான பார்களில் சிப்பி மறுபடி தேறி அடுத்தது நடக்க 1860 ஆயிற்று. எப்போது வரும் என்று தெரியாத ஒன்றை நம்பி எந்தத் தகப்பனும் மகளுக்கு நாள் குறிக்க முடியாது. 1961உடன் முத்துக்குளிப்பே முடிந்துபோனது.

கல்யாணத்தைத் தாங்கியது கரையை ஒட்டிய செம்மண் தேரியில் நிற்கும் பனை. திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம், மணப்பாடு என்று இந்த வட்டாரம் முழுவதும் பனைக்காடு. அரிசி அள்ளக் கடகம், புடைக்கச் சுளகு, பலகாரம் வைக்க மூடி போட்ட பெட்டி, பூவும் வெற்றிலையும் வைக்கக் கொட்டான், எடை தாங்க நார்ப்பெட்டி, இவை அத்தனையும் ஒரே மரத்திலிருந்து வந்தன. குருத்தோலையை வெட்டி, வெயிலில் உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வகிர்ந்து, சாயம் ஏற்றி முடைகிற வேலை பெண்களுடையது. மணப்பாட்டில் அது இன்றும் நடக்கிறது. உள்ளே வைக்கிற இனிப்பும் பனையிலிருந்தே வந்தது. பதநீர்க் காலத்தில் காய்ச்சிய கருப்பட்டியை அடுப்புக்கு மேலே பரணில் புகைபடும்படி வைத்தால் மழைக்காலம் தாண்டியும் கெடாது. பாசிப்பயறும் கருப்பட்டியும் சேர்த்துப் பிடித்த முந்திரிக்கொத்து பல நாள் நிற்கும். அதனால் பலகாரம் சுடுவது கல்யாணத்துக்கு முந்தைய ஒரு வாரத்தின் வேலையாக, அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிச் செய்கிற வேலையாக இருந்தது. வெற்றிலைக்கும் வெகுதூரம் போக வேண்டாம்; தாமிரபரணி கடலைத் தொடும் முன் பாய்கிற ஆத்தூரின் வெற்றிலைக்கு இப்போது புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது.

இந்தப் பழைய கல்யாணம் சிக்கனமாக இருந்ததற்கு எல்லோரும் சொல்கிற காரணம், கையால் செய்த பொருள் அன்று மலிவு என்பது. அது பாதிதான் உண்மை. கையால் செய்கிற பொருளுக்கு ஓர் எல்லை உண்டு என்பதே முக்கியமான காரணம் என்று நான் கருதுகிறேன். ஒரு பெண் ஒரு நாளில் இத்தனை பெட்டிதான் முடைய முடியும். ஒரு தெருவின் பெண்கள் சேர்ந்தாலும் நாள் குறித்ததிலிருந்து முகூர்த்தம் வரை இத்தனை பெட்டிதான் தேறும். சீரின் அளவை வீட்டின் ஆசை தீர்மானிக்கவில்லை. கையும் காலமும் தீர்மானித்தன. பத்தமடைப் பாயைப் பாருங்கள். தாமிரபரணிக் கரையில் வளர்ந்த கோரையைப் பச்சையாக அறுத்து, கிழித்து, உலர்த்தி, ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி மெல்லியதாக வகிர்ந்து, சாயம் தோய்த்த பிறகுதான் தறிக்கு வரும். மணமக்களின் பெயரும் நாளும் நெய்த ஒரு மெல்லிய பட்டுப்பாய் முடிய வாரக்கணக்கில் ஆகும். 1953இல் இங்கிலாந்து ராணியின் முடிசூட்டுக்குப் போன பாய் அந்த ஊருடையது. அப்படிப்பட்ட பாயைக் கூட ஒரு கல்யாணத்துக்கு ஒன்றுக்கு மேல் யாரும் நெய்யச் சொல்வதில்லை. பத்துப் பாய் கொடுத்தால் பெண்ணுக்குப் பெருமை என்று எந்த ஊரிலும் பேச்சு எழவில்லை. பவுனுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஐந்து பவுன் ஐம்பதாகலாம், ஐம்பது நூறாகலாம். கடைக்காரர் ஒரே மணி நேரத்தில் எடை போட்டுக் கொடுத்துவிடுவார். வசதியுள்ள வீடு ஏறிய படியில் வசதியில்லாத வீடும் ஏற வேண்டியிருக்கிறது.

எல்லை என்ற இந்த வாதத்துக்கு இன்னும் வலுவான சான்று இதே கடலுக்கு அடியில் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்களே சங்கும் குளித்தார்கள். முத்தைப் போல அது ஏமாற்றவில்லை. பெரும்பாலும் ஆண்டுதோறும் கிடைத்தது. பரதவர்களுக்கும் முஸ்லிம் குளியாட்களுக்கும் சோறு போட்டது அந்தத் தொழில். சங்கை அறுத்து வளை செய்வது ஒரு காலத்தில் இங்கேயே நடந்தது. கொற்கை அகழாய்வுகளில் அறுத்த சங்குத் துண்டுகளும் வளைத் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. வேள்வி செய்யாத பார்ப்பனர் அரத்தால் சங்கறுத்து வளை எடுப்பதை அகநானூற்றின் 24ஆம் பாடல் சொல்லிச் செல்கிறது. அந்தக் கைவேலை தமிழ்க் கரையிலிருந்து போய்விட்டது. டச்சுக்காரர் காலத்தில் சங்கு அறுபடாமல் முழுசாகக் கப்பலேறி வங்காளம் போய்க்கொண்டிருந்தது. அங்கே கல்யாணமான பெண்ணின் கையில் வெள்ளைச் சங்கு வளை இருந்தாக வேண்டும். சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் இந்தச் சங்கைப் பற்றித் தனி நூலே எழுதினார். அரைவட்ட வடிவிலான கனத்த இரும்பு வாளால், தரையில் உட்கார்ந்து, சங்கைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு டாக்காவின் சங்காரிகள் என்ற சங்கறுப்பவர்கள் வளை அறுத்த விதம் அதில் இருக்கிறது. இங்கே கரையில் சங்கை எண்ணும்போது ஓட்டை போட்ட சட்டத்தால் அளப்பார்கள். ஓட்டையில் நழுவி விழுகிற சிறு சங்கு வளைக்கு ஆகாது. அது வளர்வதற்காக உயிரோடு கடலுக்கே திரும்பிப் போகும். டாக்காவில் ஒரு மணப்பெண்ணின் மணிக்கட்டுக்கு எந்த அளவு வேண்டுமோ, அந்த அளவுதான் தூத்துக்குடிக் கடலில் எந்தச் சங்கு எடுக்கப்படலாம் என்பதை முடிவு செய்தது.

வங்காளத்தில் அந்த வளை செய்த வேலையைக் கவனிக்க வேண்டும். ஜமீன்தார் வீட்டுப் பெண்ணும் உழவர் வீட்டுப் பெண்ணும் அதே கடலின் சங்கைத்தான் அணிந்தார்கள். நுட்பமான செதுக்கலும் பொன் பூணும் பணக்காரர் வளையில் கூடுதலாக இருக்கும். ஆனால் கல்யாணம் நடந்ததற்கு அடையாளம் சங்குதான், பொன்னில்லை என்பதால் பொன் வாங்க முடியாத வீட்டுப் பெண்ணும் குறையில்லாத மணப்பெண்ணாகவே நின்றாள். தமிழ்நாட்டில் அந்த இடத்தைப் பொன்தாலி பிடித்தது. இந்தக் கரையின் பரதவர்கள் 1530களில் கத்தோலிக்கரான பிறகும் தாலியை விடவில்லை. நமக்கோ சங்கு என்றால் குழந்தைக்குப் பால் புகட்டுகிற சங்கு நினைவுக்கு வரும், இல்லையென்றால் சாவு வீட்டில் ஊதுகிற சங்கு. கல்யாணச் சங்கைக் கடல் தாண்டி அனுப்பிவிட்டோம். வங்காளத்து வளையை நான் புனிதப்படுத்தவில்லை. கணவன் இறந்தால் அதே வளையை உடைத்தார்கள். வரதட்சணை அங்கேயும் பெண்களைக் கொன்றிருக்கிறது. அடையாளப் பொருள் ஒன்று கைவேலையின் எல்லைக்குள் நின்றால் அந்த ஓர் இடத்திலாவது போட்டி குறையும் என்ற அளவுக்கே அதிலிருந்து பாடம் எடுக்கிறேன்.

பழைய கல்யாணத்தைப் புகழ்வதற்கு எதிராக ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. அந்தச் சிக்கனத்துக்கு விலை கொடுத்தது யார்? இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1849இல் எழுதிய நூலில் பனையேறிகளின் பாட்டைப் பதிவு செய்திருக்கிறார். நாளொன்றுக்கு ஏறத்தாழ முப்பது, நாற்பது மரம், காலையும் மாலையும். தவறி விழுந்தவர்கள் உண்டு, முடமானவர்கள் உண்டு. பதநீர் காய்ச்சப் புகையில் நின்றவள் பனையேறியின் மனைவி. இத்தனை உழைத்தவர்களைத்தான் கோயிலுக்குள் விடாமல் ஒதுக்கி வைத்தார்கள். பெட்டி முடைந்த பெண்ணின் உழைப்பு கூலிக் கணக்கிலேயே ஏறவில்லை. சங்கு குளித்தவர்களுக்கு எண்ணிக்கைக் கூலி. வளை விற்ற லாபம் வேறெங்கோ சேர்ந்தது. ஆகவே பழைய கல்யாணம் மலிவாக இருந்ததற்கு ஒரு பங்கு காரணம் சாதியும் கூலியற்ற பெண்ணுழைப்பும்தான். இதை ஒளித்துவிட்டு ஓலைப்பெட்டியைப் போற்றினால் அது பொய்யாகிவிடும். ஆனால் எல்லை என்ற வாதம் இதனால் விழுந்துவிடவில்லை. முடைகிற பெண்ணுக்கு நியாயமான கூலி கொடுத்த பிறகும் ஒரு நாளில் அவள் முடையக்கூடிய பெட்டி கூடிவிடப் போவதில்லை. கூலி கூடினால் பெட்டியின் விலை கூடும். சீர்வரிசையின் நீளம் அப்போதும் கைக்கு அடங்கித்தான் நிற்கும். கிராமத் தொழில்களுக்காகவே வாழ்ந்த ஜே.சி. குமரப்பா இந்த இடத்தில்தான் உறுதியாக நின்றார். ஒரு பொருளின் விலையில் அதைச் செய்தவரின் வாழ்க்கையும் அடங்கியிருக்கிறது என்பதே பனைவெல்லத்துக்காக அவர் வாதாடியதன் அடிப்படை.

இரண்டாவது கேள்வி இன்றைய கடைத்தெருவிலிருந்து வருகிறது. ஓலைப்பெட்டி இப்போது பிளாஸ்டிக் டப்பாவைவிட விலை அதிகம். கைவேலைக் கல்யாணம் வசதியுள்ளவர்களின் அலங்காரமாகிவிட்டது என்கிறார்கள். உண்மைதான். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழக அரசு தடை விதித்த பிறகு ஓலைக்கொட்டானைத் தேடி வருபவர்கள் கூடியிருக்கிறார்கள். அவர்களில் சிலர் மண்டபம், மேடை அலங்காரம், நூறு பவுன், ஐம்பது வகை விருந்து எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு தாம்பூலத்தை மட்டும் கொட்டானில் போட்டுக் கொடுக்கிறார்கள். அதில் முடைபவர்களுக்கு வேலை கிடைக்கிறது, அது நல்லது. சிக்கனம் அதில் இல்லை. கைப்பொருள் வேறொன்றின் இடத்தைப் பிடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே போய் உட்கார்ந்தால் அதுவும் செலவுதான். இந்தக் கரையின் வரலாறே இதைக் காட்டுகிறது. காயல்பட்டினத்தில் கல்யாணமானதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிவருவார். பெண்ணுக்கு வீடு கொடுப்பது வழக்கம். பெண் மதிப்போடு வாழ அந்த வழக்கம் ஒரு வகையில் துணைநின்றது. பல பெண்களைப் பெற்ற வீட்டுக்கோ அது பெருஞ்சுமை. அந்தச் செலவுக்கு முன்னால் பெட்டி ஓலையா தகரமா என்பது ஒரு பொருட்டே இல்லை. முத்துக்குளிப்பு கடைசியாக நடந்த அதே 1961இல்தான் வரதட்சணைத் தடைச் சட்டமும் வந்தது. முத்துக்குளிப்பு நின்றது, வரதட்சணை நிற்கவில்லை.

ஆகவே சிக்கனக் கல்யாணத்தைத் திட்டமிடுகிறவர்கள் எடுக்க வேண்டிய முதல் முடிவு, எதை விடுவது என்பது. தமிழ்நாட்டில் அதற்குச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. 1928இல் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தத்தில் பெரியார் முதல் சுயமரியாதைத் திருமணத்தை நடத்தி வைத்தார். நாற்பதாண்டு கழித்து, 1968 ஜனவரியில், இந்து திருமணச் சட்டத்தில் தமிழக அரசு செய்த திருத்தம் நடைமுறைக்கு வந்தது. உற்றார், நண்பர் முன்னிலையில் இருவரும் தங்களுக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலோ, மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும். இவற்றில் ஏதாவது ஒன்று போதும். சட்டத்தின் கண்ணில் முழுமையான கல்யாணத்துக்குக் கையால் தொடுத்த இரண்டு மாலையே போதும்.

கல்யாணம் பேசுகிற வீட்டாரிடம் ஒன்று கேட்கிறேன். போட நினைத்த நகையில் ஒரே ஒரு பவுனைக் குறையுங்கள். அந்தப் பணத்தில் உங்கள் விருந்தினர் அத்தனை பேருக்கும் ஓலைக்கொட்டானும், மணமக்கள் பெயர் நெய்த ஒரு பத்தமடைப் பாயும் வாங்கிவிடலாம், கையில் மிச்சமும் இருக்கும். மண்டபம் பிடிக்கும்போதே முடைபவர்களுக்கும் நெய்பவர்களுக்கும் சொல்லிவிடுங்கள், கடைசி வாரத்தில் போய் நிற்காதீர்கள். ஓலை உலரவும் கோரை ஊறவும் நாள் வேண்டும். முடைகிற பெண் ஒரு விலை சொன்னால் பேரம் பேசாமல் கொடுங்கள்.