அண்ணல் தோற்ற தொகுதி: பம்பாய் நகர வடக்கின் தேர்தல் வரலாறு

அண்ணல் டாக்டர் அம்பேத்கரின் வெற்றிகளை நம் இளைஞர்கள் நன்கு அறிவர். அவர் தோற்ற தேர்தல்களை அறிந்தோர் சிலரே. அரசியல் சட்டத்தை வரைந்தளித்த பேரறிஞர், அச்சட்டத்தின்கீழ் நடந்த முதல் பொதுத் தேர்தலிலேயே தோல்வியுற்றார். அவரைத் தோற்கடித்த தொகுதி பம்பாய் நகர வடக்கு. ஏன் தோற்றார் என்னும் வினாவுக்கு விடை காண்பது நமக்குப் பெரிதும் பயன் தரும்.

1932 செப்டம்பர் 24-ல் கையெழுத்தான பூனா ஒப்பந்தம் தனி வாக்காளர் தொகுதி முறையைக் கைவிட்டு, கூட்டு வாக்காளர் தொகுதியில் ஒதுக்கீட்டு இடங்களை அளித்தது. அதன் விளைவாக, நம்மவர் ஒருவர் வெற்றி பெற வேண்டுமாயின் பிற வகுப்பினரின் வாக்குகளும் தேவைப்பட்டன. ஆயினும் 1937-ல் பம்பாய் மாகாணத்தில் நமக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் தொகுதியில், வாக்காளர் தம் வாக்குகள் அனைத்தையும் ஒரே வேட்பாளருக்குக் குவித்து அளிக்கலாம். அவ்வாண்டு சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் சார்பில் பம்பாய் நகரில் நின்ற அண்ணல், காங்கிரஸ் நிறுத்திய புகழ்பெற்ற கிரிக்கெட் வீரர் பல்வங்கர் பாலுவை வென்றார். அண்ணல் பெற்றவை 13,245 வாக்குகள். பாலு பெற்றவை 11,225.

விடுதலைக்குப் பின் வந்த 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இவ்வழியை அடைத்துவிட்டது. முதல் மக்களவைக்கு அமைக்கப்பட்ட 401 தொகுதிகளில் 86 இரட்டை உறுப்பினர் தொகுதிகளாகும். அங்கு ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள் உண்டு. ஆனால் ஒரு வேட்பாளருக்கு ஒன்றுக்கு மேல் அளித்தல் கூடாது. அந்நாளில் சீட்டில் முத்திரை குத்தும் வழக்கம் இல்லை. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி இருந்தது. இரண்டு சீட்டுகளையும் இரு வேறு பெட்டிகளில் இட வேண்டும். இரண்டையும் ஒரே பெட்டியில் இட்டால் ஒன்று செல்லாது. எழுத்தறியாத ஏழைத் தொழிலாளிக்கு இது எளிதில் விளங்கும் முறையா என்பதை எண்ணிப் பாருங்கள்.

பம்பாய் நகர வடக்கும் இத்தகைய தொகுதியே. 1951 செப்டம்பரில் அமைச்சர் பதவியைத் துறந்த அண்ணல், ஷெட்யூல்டு காஸ்ட் பெடரேஷனின் யானைச் சின்னத்தில் ஒதுக்கீட்டு இடத்துக்கு நின்றார். (1942-ல் நாகபுரியில் தோன்றிய அந்த அமைப்பின் தலைவராக விளங்கியவர் நம் சென்னை தந்த ராவ் பகதூர் என். சிவராஜ் என்பதை நாம் பெருமையுடன் நினைவுகூரலாம்.) சோஷலிஸ்ட் கட்சியுடன் உடன்பாடு ஏற்பட்டது, அக்கட்சியின் அசோக் மேத்தா பொது இடத்துக்கு நின்றார். காங்கிரஸ் தரப்பில் வி. பி. காந்தியும் நாராயண் கஜ்ரோல்கரும் நின்றனர். பொதுவுடைமைக் கட்சியின் எஸ். ஏ. டாங்கேயும் களத்தில் இருந்தார்.

1952 தொடக்கத்தில் வெளிவந்த முடிவு இது. வி. பி. காந்தி 1,49,138; அசோக் மேத்தா 1,39,741; கஜ்ரோல்கர் 1,38,137; அம்பேத்கர் 1,23,576; டாங்கே 96,755. அண்ணல் 14,561 வாக்குகளில் தோற்றார். கஜ்ரோல்கரும் தாழ்த்தப்பட்ட வகுப்பினரே; அவரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவரை வெல்லச் செய்த கணக்கை அறிவதே நோக்கம்.

அக்கணக்கைச் சற்று ஊன்றிப் பாருங்கள். ஒரே அணியில் நின்ற அசோக் மேத்தாவைவிட அண்ணல் 16,165 வாக்குகள் குறைவாகப் பெற்றார். மேத்தாவுக்குக் கிடைத்த அளவு வாக்குகள் அண்ணலுக்கும் கிடைத்திருந்தால், கஜ்ரோல்கரை அவர் 1,604 வாக்குகளில் வென்றிருப்பார். அதாவது, தோழமைக் கட்சியின் வேட்பாளருக்கு விழுந்த வாக்குகள் அனைத்துக்கும் ஈடான இரண்டாம் வாக்குகள் அண்ணலின் பெட்டிக்கு வந்து சேரவில்லை. மேலும் 74,333 வாக்குச் சீட்டுகள் எண்ணிக்கையில் சேர்க்கப்படாமல் தள்ளப்பட்டன என்றும், இரண்டாம் வாக்கை வீணாக்குமாறு வாக்காளரிடையே பிரசாரம் செய்யப்பட்டது என்றும் அண்ணலும் மேத்தாவும் தேர்தல் மனுவில் முறையிட்டனர். அம்மனு வெற்றி பெறவில்லை. அண்ணல் அவ்வாண்டே மாநிலங்களவை உறுப்பினராகி நாடாளுமன்றம் சென்றார்.

1954-ல் பண்டாரா இடைத்தேர்தலிலும் இதே கதை நிகழ்ந்தது. அதுவும் இரட்டை உறுப்பினர் தொகுதி. பொது இடத்தில் அசோக் மேத்தா வென்றார். ஒதுக்கீட்டு இடத்தில் அண்ணல் தோற்றார். ஒருமுறை நிகழ்ந்ததைத் தற்செயல் எனலாம். இருமுறை நிகழ்ந்ததை அவ்வாறு தள்ளிவிட முடியாது.

1956 டிசம்பர் 6-ல் அண்ணல் மறைந்தார். அடுத்த ஆண்டே பொதுத் தேர்தல் வந்தது. தொகுதிகளின் எல்லைகள் திருத்தப்பட்டிருந்தன. பம்பாய் நகர வடக்கு ஒற்றை உறுப்பினர் தொகுதியாகி, காங்கிரசின் வி. கே. கிருஷ்ண மேனனைத் தேர்ந்தெடுத்தது. பம்பாய் நகர மத்தி இரட்டை உறுப்பினர் தொகுதியாக அமைந்தது. அங்கே 1952-ல் எதிரெதிர் நின்றோர் சம்யுக்த மகாராஷ்டிர சமிதி என்னும் ஒரே குடையின்கீழ் கூடினர். பொது இடத்தில் டாங்கே வென்றார். ஒதுக்கீட்டு இடத்தில் ஷெட்யூல்டு காஸ்ட் பெடரேஷனின் ஜி. கே. மானே வென்றார். பிரிந்து நின்றபோது அண்ணலுக்கே கிட்டாத வெற்றி, சேர்ந்து நின்றபோது அவருடைய தொண்டருக்குக் கிட்டியது. அதனைக் காண அண்ணல் இல்லை.

அதே 1957-ல் ஆந்திரத்தின் பார்வதிபுரம் தொகுதியில் பழங்குடி வேட்பாளர் இருவரே மிகுதியான வாக்குகளைப் பெற்று இரண்டு இடங்களையும் வென்றனர். பொது இடத்துக்கு நின்ற வி. வி. கிரி தோற்றார். உச்ச நீதிமன்றமும் 1959-ல் அம்முடிவு செல்லும் என்றது. 1961-ல் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன. தனித் தொகுதி என்று நாம் இன்று வழங்கும் முறை அதன்பின் நிலைபெற்றது. ஆயினும் தனித் தொகுதியிலும் அனைத்து வகுப்பினரும் வாக்களிக்கின்றனர். நம் பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்போர் யார் என்று 1932-ல் எழுந்த வினா இன்றும் முற்றுப்பெறவில்லை.

இளைஞர்களே! இவ்வரலாறு நமக்கு மூன்று பாடங்களைக் கற்பிக்கிறது. முதலாவது, தேர்தல் விதிகளைக் கற்க வேண்டும். விதியறியாதவன் வாக்கு, பெட்டிக்குள் விழுந்தும் செல்லாமற் போகும். இரண்டாவது, தோழமை என்பது மேடையில் கைகோத்து நிற்பதன்று. கடைசி வாக்காளனின் இரண்டாம் சீட்டு வரை அது சென்று சேர வேண்டும். மூன்றாவது, தோல்வியைக் கண்ணீரோடு மட்டும் நினையாமல் கணக்கோடும் நினைக்க வேண்டும். நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பரப்பி வரும் கல்வி, வேலை தேடித் தரும் கல்வி மட்டுமன்று. ஒரு தேர்தல் முடிவைத் தாமே படித்து, கூட்டிக் கழித்து, உண்மை உணரும் ஆற்றலையும் அது தர வேண்டும். ஒவ்வொரு கிளையிலும் பதினெட்டு வயது நிரம்பியோரின் பெயர் வாக்காளர் பட்டியலில் உள்ளதா என்று பார்க்கும் பணியை இவ்வெள்ளி விழா ஆண்டிலேயே தொடங்குவோமாக.