மன்சூரி மருத்துவமனையும் அதன் வக்ஃபும்

சுல்தான் கலாவூன், அமீராக இருந்த காலத்தில் டமாஸ்கஸில் நோயுற்றார். நூருத்தீன் ஜங்கி நிறுவிய மருத்துவமனையின் மருந்துகளால் நலம்பெற்ற அவர், தமக்கு ஆட்சி கிடைத்தால் அத்தகைய ஒன்றை எழுப்புவதாக நேர்ந்துகொண்டார் என வரலாற்றாசிரியர் மக்ரீஸி (ரஹ்) குறிப்பிடுகிறார். ஹிஜ்ரி 683இல் (கி.பி. 1284) கெய்ரோவில் அந்நேர்ச்சை நிறைவேறியது. கட்டாய வேலை வாங்கிக் கட்டியதை அக்கால ஆலிம்கள் சிலர் கண்டித்தனர். அதையும் நாம் மறைத்தல் ஆகாது.

ஏழை, செல்வர், ஆண், பெண் என்ற பேதமின்றி அங்கு இலவசச் சிகிச்சை அளிக்கப்பட்டது. கடைகள் முதலிய சொத்துகளின் வருவாய் இதற்கென வக்ஃப் செய்யப்பட்டது. நம்மை வியக்கச் செய்வது அந்த வக்ஃப் சாசனமே. உதவி நாடி வாசலுக்கு வர இயலாத குடும்பங்களே நம் மஹல்லாவிலும் முதலில் விடுபடுகின்றன. சாசனமோ, வீட்டில் நோயுற்றுக் கிடந்த ஏழைகளுக்கும் மருந்தும் உணவும் அனுப்பப் பணித்தது. மருத்துவமனையில் மரணித்தோரின் கஃபன், அடக்கச் செலவும் வக்ஃபிலிருந்தே வழங்கப்பட்டது.