கூசுற பல்லும் தேயிலைத் தோட்டமும்

ஐஸ் தண்ணி ஒரு மடக்கு குடிச்சா உச்சந்தலை வரைக்கும் 'சுர்ர்'னு ஏறுதா? எனக்கு ரெண்டு வருஷமா இதே கதைதான். பல் டாக்டர் மெல்லிய கம்பி ஒண்ணை ஈறுக்குள்ள விட்டு அளந்து பார்த்தார். "ஈறு இறங்கி வேர் வெளியே தெரியுது சார், அதான் கூசுது. கவனிக்காம விட்டா பல் ஆட ஆரம்பிக்கும்"னார். எப்போ ஆடும்னு கேட்டேன். "அது ஆளைப் பொறுத்தது."

ஆளைப் பொறுத்ததுன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க? தேடிப் படிச்சா, அது நம்ம ஆளுங்க கதை!

ஹரால்ட் லோ என்று ஒரு நார்வேக்காரர். பல் ஆராய்ச்சியாளர். 1965ல் 12 பேரைப் பல் விளக்காமல் இருக்கச் சொல்லிப் பார்த்தார். 10 முதல் 21 நாளுக்குள் எல்லாருக்கும் ஈறு வீங்கிவிட்டது. மறுபடி விளக்க ஆரம்பித்ததும் ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது.

சரி, வருஷக்கணக்கில் விட்டால்? 1969ல் ஆஸ்லோவில் 565 பேரைக் கவனிக்கத் தொடங்கினார்கள். ஆனா அவங்க எல்லாம் ஒழுங்கா டாக்டரிடம் போறவங்க. பிரஷ்ஷும் டாக்டரும் இல்லாத வாய் வேண்டுமே? 1970ல் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் 480 ஆண் தொழிலாளர்கள் கிடைத்தார்கள். மலையகத் தமிழர்கள். 19ஆம் நூற்றாண்டில் நம்ம ஊர்களிலிருந்து காப்பிக்கும் தேயிலைக்கும் கூட்டிட்டுப் போனவங்களோட வாரிசுகள். 1948 சட்டத்தால் குடியுரிமை போய், 1964 சாஸ்திரி-சிறிமா ஒப்பந்தத்தில் ரெண்டு நாடுகளும் பங்கு போட்டுக்கிட்ட அதே சமூகம்.

1985 வரை திரும்பத் திரும்ப வாயைத் திறக்கச் சொல்லி அளந்தார்கள். கடைசியில் மிஞ்சியவர்கள் 161 பேர். 1986ல் முடிவு வெளியானது. 100க்கு 8 பேருக்கு நோய் வேகமாக ஓடியது. 35 வயதில் 12 பல் காலி, 45 வயதில் வாயே பொக்கை. 81 பேருக்கு மெதுவாக. 45 வயதில் சராசரி 7 பல் போச்சு. மீதி 11 பேருக்கு ஈறு வீக்கத்தோடு சரி, பல் அப்படியே இருந்தது.

யாருமே பல் விளக்கவில்லை. ஒரே மலை, ஒரே வேலை. ஆனாலும் மூணு விதம்! ஆக, ஈறு நோய்க்கு அழுக்கு மட்டும் காரணமில்லை, அந்த அழுக்கை எதிர்த்து உடம்பு எப்படி நடந்துக்குதுங்கறதும் காரணம். உலகம் பூரா பல் மருத்துவ மாணவர்கள் இன்னிக்கும் படிக்கிற பாடம் இது. 2010ல் மறுபடி போய் 75 பேரைத் தேடிப்பிடித்துப் பரிசோதித்து, 2017ல் எழுதினார்கள்.

படிச்சு முடிச்சதும் சந்தோஷப்பட முடியலை. ஆஸ்லோக்காரருக்கு டாக்டர் இருந்தார், அதனால் அவர் ஒரு பக்கம். இவருக்கு யாரும் இல்லை, அதனாலேயே இவர் இன்னொரு பக்கம். இல்லாமைதான் இவங்களுக்குத் தகுதி. 45 வயதில் சோத்தை மெல்ல முடியாத ஒரு மனுஷன், பாடப்புத்தகத்தில் ஒரு கோடு.

நான் அந்த 8ல் ஒருத்தனா, 11ல் ஒருத்தனான்னு எனக்கு நானே சொல்லிக்க முடியாது. அதனால ஸ்கேலிங் பண்ணிக்கிட்டேன். ராத்திரியும் விளக்குறேன், மெதுவா, மென்மையான பிரஷ்ல. கூச்சம் குறைஞ்சிருக்கு.

விளக்கும்போதெல்லாம் அந்த 480 பேர் ஞாபகம் வருது. டீ குடிக்கும்போதும்தான்.