காப்பி நுரை: கையும் கருவியும்

காப்பியைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் மணத்தைப் பற்றியே எழுதுகிறார்கள். ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' காலனியத் தமிழ்ச் சமூகம் காப்பியை எதிர்கொண்ட விதத்தைச் சொல்கிறது. அது டிகாக்‌ஷனின் சரித்திரம். நான் இங்கே எடுத்துக்கொள்வது வேறு ஒரு கிளை: உடனடிக் காப்பிப் பொடி, சர்க்கரை, வெந்நீர் மூன்றையும் சம அளவில் சேர்த்து, கெட்டி நுரையாக அடித்து, பாலின் மேல் எடுத்துப் போட்டுக் குடிக்கும் காப்பி. 2020இல் 'தல்கோனா' என்ற கொரியப் பெயரில் உலகத்தைச் சுற்றிவந்தது இதுதான். இதைக் கரண்டியாலும் அடிக்கலாம், மிக்ஸியிலும் அடிக்கலாம். எதைக்கொண்டு அடிப்பது என்பது சமையல் குறிப்பு சம்பந்தப்பட்ட சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் யாருடைய உழைப்பு கணக்கில் ஏறுகிறது, யாருடையது ஏறுவதில்லை என்ற பழைய பிரச்னை இதற்குள்ளும் இருக்கிறது.

இந்தக் காப்பிக்குத் தேவையான மூன்று விஷயங்கள், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல், ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தன.

முதலாவது பொடி. கரையும் காப்பிப் பொடிக்கான முயற்சிகள் பழையவை. நியூஸிலாந்தின் இன்வர்கார்கில் நகரத்து வியாபாரி டேவிட் ஸ்ட்ராங் 1890லேயே காப்புரிமை பெற்றிருந்தார். ஆனால் பொடி உலகச் சரக்கானது ஒரு நெருக்கடியால்தான். 1929இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு பிரேஸிலில் காப்பிக்கொட்டை மலைமலையாகத் தேங்கியது. 1931க்கும் 1944க்கும் இடையில் அந்த நாடு எரித்தும் கடலில் கொட்டியும் அழித்த காப்பி ஏறத்தாழ 7 கோடியே 80 லட்சம் மூட்டை. தேங்கிய கொட்டையைக் கெடாத பொருளாக மாற்ற ஒரு வழி வேண்டியிருந்தது. ஸ்விட்ஸர்லாந்தில் நெஸ்லே நிறுவனத்தின் மாக்ஸ் மார்கென்தாலர் பல வருஷம் உழைத்துக் கண்ட வழி, 1938 ஏப்ரல் 1ஆம் தேதி நெஸ்கபே என்று கடைக்கு வந்தது. பின்னால் வந்த யுத்தத்தில் அமெரிக்கச் சிப்பாய்களின் ரேஷன் பையில் உடனடிக் காப்பி இடம்பெற்றது. காப்பியில் மணம் எதுவோ அதைப் பெரும்பாலும் இழந்துவிட்டுத்தான் அது இந்தப் பயணத்தைச் செய்தது.

இரண்டாவது நுரை. அதே 1938இல் மிலான் நகரத்தின் அகில்லே காஜியா ஒரு புது வகைக் காப்பி இயந்திரத்துக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். யுத்தம் முடிந்து சில வருஷங்களில் அவருடைய நெம்புகோல் இயந்திரங்கள் கடைகளில் நின்றன. நீராவியை நம்பாமல், வெந்நீரைப் பெரும் அழுத்தத்தில் பொடிக்குள் செலுத்தியபோது, கோப்பையின் மேல் தவிட்டு நிறத்தில் ஓர் ஏடு படிந்தது. அதுவரை காப்பியில் யாரும் பார்க்காத ஏடு. முதலில் குடிக்க வந்தவர்கள் இது என்ன கசடு என்று சந்தேகப்பட்டார்கள் என்று சொல்வதுண்டு. காஜியா அதற்குக் 'க்ரேமா' என்று பெயர் வைத்து, அதையே விளம்பரமாக்கினார். இன்று உலகத்தில் எங்கே காப்பி நுரை என்று சொன்னாலும் மனசின் பின்னால் நிற்கும் மூல உருவம் இந்த ஏடுதான்.

மூன்றாவது கருவி. அமெரிக்காவின் விஸ்கான்ஸின் மாநிலத்தில் ரசீன் என்று ஓர் ஊர். ஹார்லிக்ஸ் சகோதரர்கள் பால்பொடி தயாரித்த அதே ஊர். அங்கே ஸ்டீபன் போப்லாவ்ஸ்கி என்ற போலந்துக்காரர், கடைகளில் மால்ட் கலந்த பாலை அடித்துத் தருவதற்காக, பாத்திரத்தின் அடியில் பிளேடு சுழலும் ஒரு சாதனத்துக்கு 1922இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அந்த யோசனையை பிரெட் ஒஸியஸ் என்பவர் வளர்த்தெடுத்தார். வாத்தியக் குழு நடத்திவந்த பிரெட் வாரிங் அதற்குப் பணம் போட்டார். 1937இல் சிகாகோ கண்காட்சியில் 29 டாலர் 75 சென்ட் விலைக்கு அறிமுகமானது. அடுத்த வருஷம் 'வாரிங் பிளெண்டர்' ஆனது. யந்திரத்தை உருவாக்கியவர்கள் இருவரையும் விட்டுவிட்டு, பணம் போட்ட பாட்டுக்காரரின் பெயர் அதில் நிலைத்ததை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆக 1938 வாக்கில் பொடியும் நுரையும் கருவியும் உலகத்தில் இருந்தன, மூன்று வெவ்வேறு இடங்களில். இவற்றை ஒன்றுசேர்த்தது எந்த நிறுவனமும் அல்ல. காஜியாவின் இயந்திரத்தை வீட்டில் வாங்கி வைக்க முடியாதவர்கள் சேர்த்தார்கள்.

இத்தாலியிலேயே ஆரம்பிக்கலாம். அங்கே வீட்டு அடுப்பில் இருந்தது அல்போன்ஸோ பியலெத்தி 1933இல் கொண்டுவந்த மோக்கா பாத்திரம். அதன் அழுத்தம் குறைவு, ஏடு படியாது. ஆகவே வீட்டில் இருந்தவர்கள் பாத்திரத்திலிருந்து வரும் முதல் சொட்டுகளைச் சர்க்கரையில் விட்டுக் கரண்டியால் வெளுக்க அடித்து, மீதிக் காப்பியை அதன் மேல் ஊற்றினார்கள். 'க்ரெமினா' என்று பெயர். க்யூபாவிலும் இதே வேலை. அங்கே பெயர் 'எஸ்புமித்தா', சின்ன நுரை என்று அர்த்தம். மூலம் பிறந்த நாட்டிலேயே வீட்டுக்குள் போலி பிறந்துவிட்டது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. எது அசல், எது நகல் என்று கறாராகப் பேசுகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம். காஜியாவின் ஏட்டில் இருப்பது வறுத்த கொட்டையிலிருந்து வெளிப்படும் கரியமில வாயு. க்ரெமினாவில் இருப்பது கரண்டி உள்ளே இழுத்த வெறும் காற்று. கண்ணுக்கு ஒன்றுபோல இருந்தாலும் இவை இரண்டு வேறு வஸ்துக்கள்.

கிரேக்கத்தில் கதை வேறு. 1957, தெஸ்ஸலோனிகி சர்வதேசக் கண்காட்சி. குழந்தைகளுக்கான சாக்லேட் பானம் ஒன்றை மூடிய குவளையில் போட்டுக் குலுக்கித் தயாரித்துக் காட்ட நெஸ்லே ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவரான திமித்ரிஸ் வகோந்தியோஸுக்கு இடைவேளையில் காப்பி வேண்டியிருந்தது, வெந்நீர் கிடைக்கவில்லை. பொடியையும் குளிர்ந்த தண்ணீரையும் அதே குவளையில் போட்டுக் குலுக்கினார். நுரை எழுந்தது. 'ஃபிராப்பே' அந்த நாட்டின் பானமாயிற்று. பின்னால் குலுக்குவதற்குப் பதில் அடிக்கும் மின் கருவி கடைதோறும் வந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது, நல்ல காப்பியால் இதைச் செய்ய முடியாது என்பது. கொட்டையின் எண்ணெய் நுரைக்குச் சத்துரு. குமிழியின் சுவரை உடைக்கும். தெளித்து உலர்த்திய உடனடிப் பொடியில் எண்ணெய் மிகக் குறைவு. குமிழியைத் தாங்கிப் பிடிக்கும் புரதமும் மாவுப் பொருள்களும் அதில் செறிந்திருக்கின்றன. சர்க்கரை நீரைப் பாகுபோல் ஆக்கி, குமிழிகளுக்கு நடுவிலிருந்து அது சீக்கிரம் வடிந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறது. நம் டிகாக்‌ஷனை எவ்வளவு அடித்தாலும் இந்தக் கெட்டி வராது. டம்ளருக்கும் டவராவுக்கும் இடையில் தூக்கி ஆற்றும்போது பொங்கும் நுரை பாலுடையது. வாய் வைப்பதற்குள் பாதி போய்விடும். பில்டர் காப்பிக்காரர்கள் எதைக் குறை என்று தள்ளினார்களோ அதுதான் இந்த நுரைக்கு ஆதாரம். மட்டமான பொருள் தன் மட்டத்தாலேயே ஒரு புதிய சாத்தியத்தைத் தந்தது.

வட இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் இதைப் பல காலமாகச் செய்துவருகிறார்கள். கோப்பையில் பொடியும் சர்க்கரையும் போட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, நிறம் வெளுக்கும்வரை கரண்டியால் அடித்து, மேலே சூடான பாலை ஊற்றுவது. 'அடித்த காப்பி' என்பதுதான் அதன் பெயருக்கு அர்த்தம். மக்காவ் தீவில் கொலோவான் பகுதியில், முன்பு கப்பல் கட்டும் தொழிலில் இருந்தவர் ஒருவர் நடத்தும் சிறு கடையிலும் கையால் அடித்துக் கொடுத்தார்கள். ஹாங்காங் நடிகர் சௌ யுன்-ஃபாட் வந்து குடித்தபின் அங்கே அது அவர் பெயரால் விளங்கியது. 2020 ஜனவரியில் கொரிய நடிகர் ஜுங் இல்-வூ தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்காக அந்தக் கடையில் அதைக் குடித்து, சின்ன வயசில் தின்ற தல்கோனா மிட்டாய் போல இருக்கிறது என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த மிட்டாய் சர்க்கரையை உருக்கி சோடா உப்புப் போட்டுப் பொங்க வைப்பது. காப்பியில் அது சேருவதில்லை. அடித்தவர்களின் பெயர் எங்கேயும் நிற்கவில்லை. குடித்துவிட்டுச் சொன்னவர் வைத்த பெயர் நின்றது.

இரண்டு மாதத்தில் உலகம் கதவைச் சாத்திக்கொண்டது. இந்தியாவில் மார்ச் 25 முதல் ஊரடங்கு. கொரியாவில் இதை நானூறு தடவை அடிக்கும் காப்பி என்றார்கள். உள்ளே அடைபட்டவர்கள் எண்ணி எண்ணி அடித்தார்கள், படம் பிடித்தார்கள். மின் கருவி கையெட்டும் தூரத்தில் இருந்தவர்கள்கூடக் கரண்டியால் அடிப்பதையே விரும்பினார்கள். வலிக்கும் மணிக்கட்டு ஒரு பெருமையாயிற்று. கை உழைப்பின் மகிமையைப் பற்றி அப்போது நிறையப் பேச்சு அடிபட்டது. இந்தப் பேச்சில்தான் எனக்கு ஆட்சேபம்.

தமிழ்நாட்டில் கை மணத்தைப் பற்றிய பேச்சு புதிதல்ல. அம்மியில் அரைத்த சட்னிக்கும் ஆட்டுக்கல்லில் ஆட்டிய மாவுக்கும் ஈடுண்டா என்று கேட்பவர்கள் அநேகமாக ஆண்கள். எங்கள் வீட்டில் ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்தவர்களில் ஓர் ஆணையும் நான் பார்த்ததில்லை. பாட்டியும் அம்மாவும் அத்தையும் மாறி மாறி உட்கார்ந்தார்கள். யாரும் சுற்றுக்களை எண்ணவில்லை. எண்ணியிருந்தால் நானூறு என்பது அவர்களுக்கு முதல் பத்து நிமிஷத்துக்குள் முடிகிற கணக்கு. 1963இல் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளர் 'சுமீத்' மிக்ஸியைக் கொண்டுவந்தார். அன்னிய நாட்டு மிக்ஸர்கள் பழச்சாற்றுக்கும் மாவு குழைப்பதற்கும் செய்யப்பட்டவை. உளுந்தும் மஞ்சளும் மிளகாயும் அரைபட வேண்டிய நம் சமையலறைக்கு வேறு மோட்டார் தேவைப்பட்டது. அந்தச் சத்தம் வீட்டுக்குள் வந்தபோது கை மணம் போயிற்று என்று துக்கப்பட்டவர்களின் கை எதையும் அரைத்த கை அல்ல.

கட்டாயமாக இருந்தவரை அந்த உழைப்பு யார் கண்ணிலும் படவில்லை. கட்டாயம் நீங்கி விளையாட்டாக மாறியதும் அது அழகாகிவிட்டது. நானூறு தடவை அடிப்பது ரசிக்கத்தக்கதாக இருப்பதற்குக் காரணம், நானூற்றி ஒன்றாவது தடவை அடிக்க வேண்டியதில்லை என்பதுதான். நாளைக் காலை அடிக்க வேண்டியதில்லை என்பதும்தான். இந்தச் சுதந்திரத்தை மறைத்துவிட்டு உழைப்பை மட்டும் புகழ்வது சரித்திரத்தை மறைப்பது.

இது சமையலறையோடு நிற்கிற விஷயமும் அல்ல. 1952இல் ஆல்பிரட் ஹெர்ஷியும் மார்த்தா சேஸும் பாக்டீரியாவின் மேல் ஒட்டிக்கொண்ட வைரஸ் கூடுகளைப் பிரித்தெடுக்க, கடையில் விற்கும் சமையலறை வகை வாரிங் பிளெண்டரைத்தான் உபயோகித்தார்கள். பரம்பரைக் குணத்தைக் கடத்துவது புரதமல்ல, டி.என்.ஏ. என்பதற்கு வலுவான சான்று அந்த ஜாரிலிருந்து கிடைத்தது. 1969இல் ஹெர்ஷிக்கு, வேறு இருவரோடு சேர்த்து, நோபல் பரிசு கொடுத்தார்கள். ஆய்வகத்தில் உடன் நின்று சோதனைகளைச் செய்த சேஸுக்கு அதில் பங்கில்லை. கருவிக்கும் யோசனைக்கும் பெயர் கிடைக்கிறது, கைக்குக் கிடைப்பதில்லை.

மிக்ஸியில் இந்தக் காப்பியைப் பலமுறை செய்து பார்த்திருக்கிறேன். பெரிய ஜாரில் இரண்டு கரண்டிக் கலவை பிளேடுக்கு எட்டாமல் சுவரில் தெறித்து ஒட்டிக்கொள்ளும். சட்னி ஜார் போதும். பொடி, சர்க்கரை, வெந்நீர் மூன்றும் மும்மூன்று கரண்டிக்குக் குறையக்கூடாது. தொடர்ந்து ஓட்டாமல் விட்டு விட்டு ஓட்டி, நடுவில் ஒருமுறை சுவரை வழித்துவிட்டால், ஒரு நிமிஷத்துக்குச் சற்று மேலே ஆகும். பாலும் ஐஸும் தனியே டம்ளரில் இருக்க வேண்டும். கரண்டி காற்றை உள்ளே மடித்து மடித்துச் சேர்க்கிறது. அரைப்பதற்கென்று செய்த பிளேடு சேர்ந்த காற்றை நறுக்குகிறது. அதனால் மிக்ஸி நுரை இன்னும் நைஸாக, ஆனால் சற்று இளகலாக இருக்கிறது. பாலின் மேல் கூம்பாக நிற்காமல் பரவிப் படிகிறது. ருசியில் வித்தியாசம் தெரியவில்லை.

கையால் அடித்தது உயர்ந்தது என்று நிரூபிக்க விரும்புகிறவர்களுக்கு அந்தக் கூம்பு உதவும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூம்புக்காக அடித்த மணிக்கட்டு யாருடையது, அது விரும்பி அடித்ததா என்று ஒரு கேள்வி கேட்காமல் நுரையைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. எனக்கு மிக்ஸி நுரை போதும். சீக்கிரம் அடங்கிவிடுகிறது என்பார்கள். காப்பியும் சீக்கிரம் குடித்துத் தீர்கிற பொருள்தான்.