துண்டுச் சீட்டும் கண்டித் தோட்டங்களின் ஆட்போட்டியும்

தொழில் வழங்குவோர் தமக்குள்ளே போட்டியை அடக்கிக்கொள்ளும் வழக்கம், இலங்கையில் போட்டிச் சட்டம் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே கண்டி மலைநாட்டில் வேரூன்றியிருந்தது. கோப்பிப் பயிர் பரவிவந்த 1854 இல் கண்டியில் அமைந்த இலங்கைத் தோட்டத்துரைமார் சங்கத்துக்கு, தமிழகத்திலிருந்து ஆள் திரட்டுவதும் திரட்டியவரைத் தக்கவைப்பதும் நீங்காத கவலைகளாக இருந்தன.

வழிச்செலவுக்கும் முன்பணத்துக்குமாகத் தோட்டம் கொடுத்த தொகையை, ஆள் திரட்டி அழைத்துவந்த தலைவரான கங்காணி அந்த ஆட்களின் பெயரில் கடனாக எழுதிக்கொண்டார். ஒரு கூட்டம் வேறு தோட்டத்துக்கு மாற விரும்பினால், இன்ன தொகை செலுத்தப்பட்டால் இவர்களை விடுவிப்பதாகப் பழைய துரை எழுதிக்கொடுக்கும் சீட்டே 'துண்டு' எனப்பட்டது. கங்காணி அதைக் கொண்டுபோய்க் காட்ட, புதிய துரை அத்தொகையைக் கட்டியதுடன் கங்காணியைக் கவர மேலும் முன்பணம் தந்தார்; இரண்டும் தொழிலாளர் தலையிலேயே ஏறின. இதனால் துரைமாரிடையே ஆட்களுக்கான போட்டி முற்றியபோது, உயர்ந்தது கூலியன்று, கடனே. ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டுச் செல்வதை 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியிருந்தமையால், துண்டு பெறாமல் வெளியேறுவதும் எளிதாக இருக்கவில்லை.

1904 இல் திருச்சிராப்பள்ளியில் அமைந்த இலங்கைத் தொழிலாளர் ஆணையகம் ஆள்திரட்டலைப் பொது முயற்சியாக்கியபோதும் கடன் முறை நீடித்தது. துண்டையும் சிறைத்தண்டனையையும் ஒழித்தது 1921 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே; கூலிக்குச் சட்டப்படியான கீழ்வரம்பு 1927 இல் வந்தது.

போட்டியைக் காக்கும் பொதுச் சட்டம் 1987 இல் நியாய வர்த்தக ஆணைக்குழுவுடன் அறிமுகமாயிற்று. அதன் இடத்தை 2003 இல் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை பெற்றது. பொருள்களின் உற்பத்தி, வழங்கல், கொள்வனவு ஆகியவற்றிலும் சேவைகளிலும் போட்டியைக் கட்டுப்படுத்தும் நடத்தையை விசாரிக்க 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் அதற்கு அதிகாரமளிக்கிறது. ஒருவர் ஊழியரை மற்றவர் அழைப்பதில்லை என நிறுவனங்கள் செய்துகொள்ளும் உடன்பாடும் போட்டிச் சட்ட மீறலாகலாம் என்பதை, அமெரிக்க நீதித் திணைக்களம் 2010 இல் கூகுள், அப்பிள் உள்ளிட்ட நிறுவனங்கள்மீது தொடுத்த வழக்கு உணர்த்தியது.

1992 முதல் அரச தோட்டங்களின் முகாமை பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றமையால், முன்பு துரைமார் சங்கத்தில் பேசித் தீர்க்கப்பட்டவற்றுள் பல இன்று பணிப்பாளர் சபையின் பொறுப்பாகின்றன. ஆகவே போட்டிச் சட்ட இணக்கத்தை, அதாவது அச்சட்டத்துக்கு மாறான நடத்தையை நிறுவனம் தானே கண்டு தவிர்ப்பதை, நிறுவன ஆளுகையின் பகுதியாகக் கொள்ளும் சபை, தேயிலை விலையை மட்டும் கண்காணித்தால் போதாது. தொழில் வழங்குவோர் கூட்டங்களில் தன் அலுவலர் எதற்கு இணங்கினர் என்பதையும் அது கேட்டறிய வேண்டும்.