திறனுள்ளவர் யார்? குடிநுழைவுச் சட்டங்கள் சொன்ன பதில்



லாபுவிலும் ரந்தாவிலும் பகாவிலும் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் சிலர் இன்று சிங்கப்பூருக்கும் கனடாவுக்கும் வேலைக்கு மனுச் செய்கிறார்கள். படிப்புக்கு இத்தனை, சம்பளத்துக்கு இத்தனை, மொழிக்கு இத்தனை என்று புள்ளி போட்டுக் கூட்டிப் பார்த்தே அந்நாடுகள் கதவைத் திறக்கின்றன. இது ஏதோ புதிய ஏற்பாடு என்று நாம் எண்ணலாம். ஆனால் ஆளைத் தரம் பிரித்து நாட்டுக்குள் விடும் வழக்கத்தை நம் பாட்டன் பாட்டிமார் உடம்பாலேயே அறிந்தவர்கள். அந்தக் கதையை இன்று காண்போம்.

ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் முடிவுக்கு வந்தது. அதற்கு முன்பே, 1907-இல், தோட்ட முதலாளிகளிடம் வரி வசூலித்துத் தமிழ்த் தொழிலாளருக்குக் கப்பல் செலவு கொடுக்கும் நிதி ஒன்றை மலாயா அரசாங்கம் ஏற்படுத்தியிருந்தது. லைசென்சு பெற்ற கங்காணி தம் ஊருக்குப் போய் ஆள் சேர்ப்பார். சேர்த்தவர்கள் ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த முகாமில் தங்கி, சோதனை முடிந்து, கப்பலேறுவார்கள். உடல் வலிவும், நோயின்மையும், மண்ணில் உழைத்த பழக்கமும் இருந்தால் போதும். எழுத்தறிவை யாரும் கேட்கவில்லை. எழுத்தறிந்த ஆள் தோட்டத்துக்கு ஆகமாட்டான் என்று நினைத்த துரைமார்களும் உண்டு!

1922-இல் இந்தியாவில் குடியேற்றச் சட்டம் ஒன்று வந்தது. வெளிநாடு போகும் தொழிலை அது இரண்டாகப் பிரித்தது: திறன் தொழில், திறனற்ற தொழில். கைவினைஞர், குமாஸ்தா, கடைச் சிப்பந்தி, உணவுக்கடையிலும் தேநீர்க் கடையிலும் பணிபுரிபவர், வீட்டு வேலைக்காரர் ஆகியோரின் வேலைகள் திறன் தொழிலில் சேர்ந்தன. வேளாண்மை வேலை திறனற்ற தொழிலாயிற்று. ஆகவே, தேநீர் ஆற்றிக் கொடுப்பவர் திறனுள்ளவர். ரப்பர் மரம் வெட்டுபவர் திறனற்றவர். தேநீர் ஆற்றுவது எளிது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பால்மரம் வெட்டியவர்களுக்கு இந்தப் பிரிவினையின் விந்தை புரியும்.

பெரட்டு முடிந்து இருட்டிலேயே நிரைக்குப் போய், உளியைப் பட்டையில் வைக்கிறோம். பால் சுரக்கும் குழாய்கள் பெரும்பாலும் பட்டையின் உட்புறத்தில் இருக்கின்றன. அவற்றை எட்டும் அளவுக்கு ஆழமாக வெட்டவேண்டும். ஆனால் அதற்கடுத்துள்ள வளர்படலத்தில் உளி படலாகாது. இடையே விட்டு வைக்கும் பட்டை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். தவறினால் மரம் புண்பட்டு, புதுப் பட்டை கட்டிகட்டியாக வளரும். அந்த இடத்தில் மறுபடி வெட்டுவது கடினம். இதை நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களில் செய்த கையைத்தான் சட்டம் திறனற்ற கை என்று எழுதி வைத்தது. அந்த ஒரு சொல்லின் விளைவு வெகுதூரம் நீண்டது.

உலகச் சந்தையில் ரப்பர் விலை வீழ்ந்து, இங்கே சம்பளம் குறைக்கப்பட்டபோது, 1938 ஜூன் மாதத்தில் இந்திய அரசாங்கம் உதவிபெற்று வரும் திறனற்ற தொழிலாளரின் பயணத்தைத் தடை செய்தது. தொழிலாளரின் நன்மைக்கான தடைதான் அது. எனினும் கங்காணிக் காலம் அத்துடன் முடிந்தது.

போருக்குப் பின் கேள்வியே மாறிவிட்டது. 1952-இல் இயற்றப்பட்டு, 1953 ஆகஸ்டு முதல் நாள் நடைமுறைக்கு வந்த மலாயாக் குடிநுழைவுச் சட்டம், உள்ளூரில் கிடைக்காத தனித்திறன் உடையவர், வாணிபத்தையும் தொழிலையும் வளர்க்கக் கூடியவர், ஏற்கெனவே இங்கு வாழ்வோரின் குடும்பத்தார் போன்றோருக்கே வழி விட்டது. கைவலிவை மட்டும் நம்பி வரலாம் என்ற நிலை போயிற்று.

புதிதாக வருவோருக்கு மட்டுமே இந்தச் சோதனை என்றிருந்தால் பெரிய தீங்கில்லை. 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்றது. 1969-இல் அது அமலுக்கு வந்தபோது, சிவப்பு அடையாளக் கார்டுடன் பல்லாண்டு மரம் வெட்டியவர்களும் மனுப் பாரத்துடன் நிற்க நேர்ந்தது. உரிய காலத்தில் குடியுரிமைக்கு எழுதிப்போடாதவர்கள், பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள், மலாய்மொழித் தேர்வுக்கு அஞ்சியவர்கள் இவர்களில் பலர். பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குத் திரும்பினர். பிள்ளை நீலக் கார்டு, தகப்பன் சிவப்புக் கார்டு என்று ஒரே லயத்து வீடு இரண்டாய்ப் பிரிந்ததும் உண்டு.

ஏறக்குறைய அதே சமயத்தில், 1967 அக்டோபரில், கனடா தன் புள்ளி முறையைத் தொடங்கியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்வரை இந்தியர்களுக்கு அந்நாடு ஆண்டுக்கு 300 இடங்களே ஒதுக்கியிருந்தது. எனவே, நிறம் பாராமல் தகுதி பார்த்த புதிய முறை ஒரு முன்னேற்றம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மொத்தம் 100 புள்ளிகள். 50 பெற்றால் தேர்ச்சி. படிப்புக்கும் பயிற்சிக்கும் 20 வரை, வயதுக்கு 10, தொழில் திறனுக்கு 10, ஆங்கிலம் பிரெஞ்சு மொழிகளுக்கு 10, இப்படிப் பல தலைப்புகள். நாலாம் வகுப்பு படித்த 40 வயதுத் தொழிலாளி ஒருவரை அதில் நிறுத்திப் பாருங்கள். படிப்புக்கு 4, வயதுக்கு 5, திறன் என்ற தலைப்பில் 1. மற்றத் தலைப்புகள் பெரிதும் கைகொடுத்தாலன்றி 50 வெகுதூரம். 1922-ஆம் ஆண்டின் அந்தப் பழைய சொல் இங்கே எண்ணாக மாறி உட்கார்ந்திருக்கிறது.

சிங்கப்பூர் 2023 செப்டம்பரில் இதுபோன்ற முறையைக் கொண்டுவந்தது. எம்பிளாய்மெண்ட் பாஸ் வேண்டுவோர் 40 புள்ளிகள் பெறவேண்டும். சம்பளமும் கல்விச் சான்றும் அதில் முக்கியம். ஆலைக்கும் கட்டுமானத்துக்கும் சாதாரணப் பெர்மிட்டில் போவோருக்கு இந்தக் கணக்கு இல்லை.

சான்றிதழ் இல்லாமல் அனுபவம் மட்டும் உள்ளவர்களுக்கு நம் நாட்டில் ஒரு வழி உண்டு. 2006-ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ், திறன் மேம்பாட்டுத் துறை மலேசியத் திறன் சான்றிதழை வழங்குகிறது. பற்றவைப்போ மின்கம்பி வேலையோ வாகனப் பழுதோ பல ஆண்டு செய்தவர், பயிற்சிக் கூடத்துக்குப் போகாமலே, செய்த வேலைக்கான ஆதாரங்களைக் காட்டி அதற்கு மனுச் செய்யலாம். முதலாளி தந்த கடிதம், சம்பளச் சீட்டு, செய்த வேலையின் படங்கள் போன்றவை உதவும். ஆகவே, அலமாரி மூலையில் கிடக்கும் பழைய சம்பளச் சீட்டுகளை, பழைய தாள்தானே என்று அடுப்பில் போட்டுவிடாதீர்கள்.