திறந்து காட்டப்பட்ட பூட்டு

பிறர் படிக்கலாகாத ஓலையைத் தொலைவில் உள்ளவர்க்கு அனுப்பும் தேவை, மன்னர்க்கும் படைத்தலைவர்க்கும் உரியதாய் இருந்த காலம் உண்டு. இன்று தேர்வு வினாத்தாளைக் கணினிவழி அனுப்பும் ஆசிரியர்க்கும் அத்தேவை வந்துள்ளது. கோப்புகளைப் பூட்டி அனுப்ப உதவும் மறையாக்க மென்பொருள்கள் பல விலையின்றியே கிடைக்கின்றன. அவற்றுள் எதனை நம்புவது? இவ்வினாவுக்கு அடிப்படையான விடையை வகுத்தவர் ஒரு மொழியாசிரியர் என்பது தமிழாசிரியர்க்கு உவகை தருஞ் செய்தி.

நெதர்லாந்தில் பிறந்து பாரிசில் செருமன் மொழி கற்பித்த ஆகுஸ்த் கெர்க்கோவ்சு, 1883இல் படைத்துறை இதழொன்றில் மறைகுறி எழுத்துப் பற்றி எழுதினார். மறையாக்கும் முறை பகைவர் கையில் அகப்பட்டாலும் தீங்கு நேரலாகாது என்பது அவர் வகுத்த ஆறு நெறிகளுள் இரண்டாவது. மறைவாய் இருக்கவேண்டியது திறவுகோல் ஒன்றே, பூட்டின் அமைப்பன்று. அமைப்பை அறிந்தோர் பலரும் முயன்று திறக்க இயலாத பூட்டே நல்ல பூட்டு.

இந்நெறியின் அருமையைச் சுவிட்சர்லாந்தின் கிரிப்டோ ஏஜி நிறுவனத்தின் வரலாறு காட்டும். நடுநிலை நாட்டு நிறுவனம் என்று நம்பி, நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் தம் அரசுச் செய்திகளைக் காக்க அதன் பொறிகளை வாங்கின. 1970இல் அமெரிக்க உளவுத்துறையும் மேற்குச் செருமனியின் உளவுத்துறையும் அந்நிறுவனத்தையே கமுக்கமாக விலைக்கு வாங்கின. தாம் படிப்பதற்கு ஏற்றவாறு நலிவாக்கிய பொறிகளை உலகுக்கு விற்றன. உண்மை முழுதும் வெளிப்பட்டது 2020 பிப்ரவரியில்தான். வாங்கிய நாடுகளின் பட்டியலில் இந்தியாவும் மலேசியாவும் இந்தோனேசியாவும் இருந்தன. பெருவிலை கொடுத்தும் அந்நாடுகள் வாங்கியது பிறர் திறக்கவல்ல பூட்டையே.

தனி மனிதர் கைக்கு வலிய பூட்டு வந்தது 1991இல். அமெரிக்கரான பில் சிம்மர்மன் 'பி.ஜி.பி.' என்னும் மென்பொருளை விலையின்றி வெளியிட்டார். 1976இல் டிஃபியும் ஹெல்மனும் வெளியிட்ட கருத்தின்வழி வந்தது அது: பூட்டுதற்கு ஒரு திறவுகோல், திறத்தற்கு மற்றொன்று. முன்னதை ஊரார்க்கெல்லாம் கொடுக்கலாம். பின்னது உரியவரிடமே இருக்கும். அமெரிக்கச் சட்டமோ அத்தகைய மென்பொருளைப் பீரங்கியோடும் வெடிமருந்தோடும் போர்க்கருவிப் பட்டியலில் வைத்திருந்தது. 1993இல் சிம்மர்மன் மீது தொடங்கிய புலனாய்வு, 1996 ஜனவரியில் குற்றச்சாட்டு எதுவுமின்றிக் கைவிடப்பட்டது. இதற்கிடையே 1995இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக அச்சகம் மூலநிரல் முழுவதையும் நூலாக அச்சிட்டது. மென்பொருளை நாடு கடத்தத் தடை. நூலைக் கடத்தத் தடையில்லை! அடுத்த பதிப்பின் மூலநிரலும் 1997இல் அச்சுநூலாகவே ஐரோப்பா சென்று, ஒளிவருடியால் மீண்டும் கணினி ஏறியது. அச்செழுத்து ஆற்றிய பணிகளுள் இதுவும் ஒன்று.

1999இல் செருமானியரான வெர்னர் கோக் 'குனூ பி.ஜி.'யின் முதல் நிலையான பதிப்பை வெளியிட்டார். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். ஆயினும் திறந்திருத்தல் ஒன்றே போதும் எனக் கொள்ளலாகாது. டெபியன் என்னும் கட்டற்ற கணினி இயங்குதளத்தில், 2006இல் மறையாக்க நிரலின் சில வரிகள் நீக்கப்பட்டன. விளைவாக, அதில் உருவான திறவுகோல்கள் எளிதில் ஊகித்தறியும் அளவுக்குச் சுருங்கின. 2008 மே வரை அக்குறை வெளிப்படவில்லை. நிரல் எல்லார் கண்முன்னும் கிடந்தது, கண்தான் படவில்லை.

வட்டுகளைப் பூட்டும் 'ட்ரூகிரிப்ட்' 2004இல் வந்தது; இயற்றியோர் தம் பெயரைக் காட்டவில்லை. 2013இல் ஆர்வலர் பொதுமக்களிடம் நிதி திரட்டி அதனை ஆயத் தொடங்கினர். ஆய்வு முடியுமுன்பே, 2014 மே மாதத்தில், அது பாதுகாப்பற்றது என அறிவித்து இயற்றியோர் விலகிக்கொண்டனர். 2015இல் நிறைவுற்ற ஆய்வோ, வேண்டுமென்றே வைத்த கள்ளவழி எதையும் காணவில்லை. அதன் வழித்தோன்றலான 'வெராகிரிப்ட்' 2016இல் ஆய்வுக்குட்பட்டபோது 8 கடுங்குறைகள் வெளிப்பட்டன. அதனை இகழ்ந்தோர் உண்டு. ஆனால் ஆராய்ந்து குறை கண்டு திருத்தப்பட்ட மென்பொருள், எவரும் ஆராயாததால் குறையற்றதாய்த் தோன்றும் மென்பொருளினும் மேலானதன்றோ?

எனவே, ஒருவர்க்குக் கோப்பு அனுப்பக் குனூ பி.ஜி.யும், வட்டினைப் பூட்டி வைக்க வெராகிரிப்டும் ஏற்றவை. கடவுச்சொல்லே போதுமெனின் 'செவன்-ஜிப்' எளியது. உலகறிஞர் பங்கேற்ற வெளிப்படைப் போட்டியில் தேர்ந்து, 2001இல் தரமாக்கப்பட்ட 'ஏ.இ.எஸ்.' முறை அதில் உண்டு. கடவுச்சொல்லைக் கோப்போடு அதே அஞ்சலில் எழுதி அனுப்புவோர் உளர். அது பூட்டிய பெட்டிமேல் சாவியைக் கட்டி அனுப்புவதாகும். அதனைத் தொலைபேசியிலோ நேரிலோ கூறல் தகும். குனூ பி.ஜி.யில் இத்தொல்லை இல்லை. ஆனால் வந்த பொதுத் திறவுகோல் உரியவருடையதே என்பதை, அதன் அடையாளக் குறிவரிசையை இருவரும் தொலைபேசியில் படித்து ஒப்பிட்டுத் தெளிந்த பின்னரே கோப்பினைப் பூட்டி அனுப்புதல் வேண்டும்.